பாடகர் மௌனித்த பொழுது: 'சோல் பிரதர்ஸ்' இசைத்தட்டு குறித்து ஒரு மறுமதிப்பீடு

1958ஆம் ஆண்டு நியூயார்க்கின் அட்லாண்டிக் நிறுவனம் 'சோல் பிரதர்ஸ்' என்னும் பெயரில் ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. 'ஆன்மச் சகோதரர்கள்' என அத்தலைப்பைத் தமிழில் கூறலாம். அட்டையில் இருவர் பெயர்கள் இடம்பெற்றன. ஒருவர் ரே சார்ல்ஸ். அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே அக்காலத்தில் பெரும்புகழ் ஈட்டியிருந்த பாடகர். மற்றவர் மில்ட் ஜாக்சன். வைப்ரஃபோன் என்னும் உலோகத்தகட்டு வாத்தியத்தில் ஜாஸ் உலகம் தலைவணங்கிய கலைஞர்.

தட்டு வெளிவந்து 60 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. இந்நெடிய இடைவெளியில் அது மறக்கப்படவில்லை. மறுபதிப்புகள் வந்துகொண்டேயிருக்கின்றன, அன்பர்கள் அதனைத் தம் பிள்ளைகளுக்கும் அறிமுகம் செய்து வருகின்றனர். ஆயினும், அதனைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் 'இதமானது', 'பின்னிரவில் கேட்க உகந்தது' என்னும் அளவிலேயே நின்றுவிடுகின்றது. இப்பாராட்டுரைகள் பொய்யானவை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால், இத்தட்டினுள் அடங்கியிருக்கும் ஒரு பெரும் வினாவை அவை மூடி மறைத்துவிடுகின்றன என்பதே நம் கருத்து.

அவ்வினா ஓர் எளிய உண்மையிலிருந்து எழுகின்றது. இத்தட்டில் ரே சார்ல்ஸ் பாடவில்லை. ஒரு சொல்லேனும் அவர் வாயிலிருந்து வெளிப்படவில்லை. எந்தக் குரலுக்காக மக்கள் அவரை நாடினரோ, அந்தக் குரலை ஒதுக்கி வைத்துவிட்டுப் பியானோவின் முன் அமர்ந்திருக்கின்றார்; இடையிடையே ஆல்ட்டோ சாக்ஸஃபோனைக் கையில் எடுக்கின்றார். பாடகர் மௌனித்த இடத்தில் எஞ்சி நின்ற பொருள் யாது? அதற்கு 'ஆன்மா' எனப் பெயர் சூட்டியது பொருந்துமா? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குற்றச்சாட்டின் பின்னணி

ரே சார்ல்ஸ் 1930ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தின் அல்பனி நகரில் பிறந்தார். ஃபுளோரிடா மாநிலத்தின் கிரீன்வில் என்னும் சிற்றூரில் வறுமையில் வளர்ந்தார். ஏழு வயதுக்குள் பார்வை முற்றாகப் போயிற்று. செயிண்ட் அகஸ்டின் நகரில் பார்வையற்றோருக்கும் செவிப்புலனற்றோருக்கும் நடத்தப்பட்ட பள்ளியில், இனப்பிரிவினை நிலவிய அந்நாளில், கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட பகுதியில் பயின்றார். பிரெய்ல் முறையில் எழுதப்பட்ட இசைக்குறிப்பை விரலால் தடவித்தான் படிக்க இயலும். படிக்கும் கை வாசிக்க இயலாது. எனவே, முதலில் தடவிப் படித்து, மனத்தில் பதித்து, அதன் பின்னரே வாசிக்க வேண்டும். இப்பயிற்சி அவருக்கு அசாத்தியமான நினைவாற்றலையும், வாசிப்பதற்கு முன் மனத்தினுள் கேட்டுக்கொள்ளும் பழக்கத்தையும் அளித்தது.

கிரீன்வில்லில் அவர் செவியில் விழுந்த இசை இருவகைப்பட்டது. ஞாயிறுதோறும் பாப்டிஸ்ட் சபையில் ஒலித்த தேவாலயப் பாடல் ஒன்று. வார நாள்களில் கடைத்தெருவில் ஒலித்த ப்ளூஸ் மற்றொன்று. முன்னது இறைவனை நோக்கியது. பின்னது மனிதனின் காதலையும் பிரிவையும் கூலியையும் கடனையும் பேசுவது. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வேலி இருந்தது. இசையின் இலக்கணத்தில் இரண்டும் நெருங்கிய உறவினவாயினும், சபைக்குரியதைத் தெருவுக்குக் கொண்டு செல்லலாகாது என்பது எழுதப்படாத கட்டளை.

அவ்வேலியை ரே சார்ல்ஸ் 1954ஆம் ஆண்டு நவம்பரில் தாண்டினார். அவர் அப்போது பதிவு செய்த 'ஐ'வ் காட் எ வுமன்' என்னும் பாடல், அக்காலத் தேவாலயப் பாடல் ஒன்றின் அமைப்பை அப்படியே ஏற்று, இறைவன் இருந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்தது. 1956ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹல்லேலூயா ஐ லவ் ஹெர் சோ' இன்னும் ஒருபடி மேலே சென்றது. 'ஹல்லேலூயா' என்பது 'இறைவனைப் புகழுங்கள்' எனப் பொருள்படும் ஹீப்ரு மொழித் துதிச்சொல். அச்சொல்லைக் காதலியைக் குறித்த மகிழ்ச்சிக் கூவலாக அவர் மாற்றினார். பாடல் பெருவெற்றி பெற்றது, கண்டனமும் எழுந்தது. சபையினர் மட்டுமன்றி, ப்ளூஸ் இசையின் மூத்த கலைஞரான பிக் பில் ப்ரூன்சியும், இவ்விரண்டையும் கலப்பது முறையன்று, இவர் தேவாலயத்தில் பாட வேண்டியவர் என்று மனம் வருந்திக் கூறினார்.

இக்கண்டனத்தைப் பழைமைவாதம் என்று தள்ளிவிட நாம் விரும்பவில்லை. அடிமைத்தளையில் கிடந்த ஒரு சமூகம், வேறெந்த உடைமையும் தனக்கென இல்லாத நிலையில், தன் வணக்கத்துக்கென வளர்த்தெடுத்த குரல் அது. அது சந்தைக்குச் செல்வதைக் கண்டு அஞ்சியோரின் அச்சத்தில் நியாயம் இருந்தது. துதிக்குரிய சொல்லை எங்கு மொழியலாம், எங்கு மொழியலாகாது என்னும் பேணுதல் நம் வாசகர்க்கும் அயலானதன்று.

மற்றொரு சகோதரர்

மில்ட் ஜாக்சன் வந்த வழி வேறு. 1923ஆம் ஆண்டு டெட்ராய்ட் நகரில் பிறந்த அவரும் தேவாலய இசையின் மடியில் வளர்ந்தவர்தாம். சிறுவயதிலேயே கிட்டார் பயின்றார். இளமையில் தேவாலயப் பாடற்குழுவொன்றில் பாடினார். 1945ஆம் ஆண்டளவில் டிஸ்ஸி கில்லெஸ்பியின் கண்ணில் பட்டு நியூயார்க் சென்றார். பின்னர் 1952இல் உருவான மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட் என்னும் நால்வர் குழுவில் இடம்பெற்றார். அக்குழுவுக்கு இசைநெறி வகுத்தவர் பியானோ கலைஞர் ஜான் லூயிஸ். ஐரோப்பியச் செவ்வியல் இசையின் ஒழுங்கமைப்பை ஜாஸுக்குள் கொணர்ந்தவர் அவர். நால்வரும் கறுப்புக் கோட்டணிந்து, கச்சேரி மண்டபங்களில், சிதறாத ஒழுங்குடன் வாசிப்பர். மது விற்கும் கூடங்களில் வாசிக்கப்படும் பொழுதுபோக்கு என இகழப்பட்ட ஓர் இசைக்கு அவர்கள் கண்ணியம் தேடித் தந்தனர்.

ஆனால், ஜாக்சனின் இயல்பு ப்ளூஸின் இயல்பு. அவருடைய வாத்தியத்தின் அமைப்பை அறிந்தாலன்றி இது விளங்காது. வைப்ரஃபோனில் உலோகத் தகடுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தகட்டின் கீழும் ஒலியைப் பெருக்கும் குழாய் ஒன்று உண்டு. குழாயின் வாயில் ஒரு சிறு வட்டத்தகடு மின்மோட்டாரால் சுழன்று, வாயை மூடியும் திறந்தும் ஒலிக்கு அதிர்வூட்டும். முன்னோடியான லயனல் ஹாம்ப்டன் இச்சுழற்சியை நொடிக்கு ஏறத்தாழ 10 முறை என வைத்திருந்தார், ஒலி படபடத்தது. ஜாக்சன் அதனை நொடிக்கு 3 முறை என்னும் அளவுக்குக் குறைத்தார். விளைவாக, தட்டப்பட்ட ஸ்வரம் மெல்ல விரிந்து சுருங்கி, மனிதர் மூச்சு விடுவதைப் போன்று ஒலித்தது. உலோகத்தைப் பாடவைத்தவர் அவர். பாடற்குழுவில் நின்ற இளைஞன் அந்தத் தகடுகளுக்குள் மறைந்திருந்தான் என்றே சொல்லலாம்.

ஆக, 1957ஆம் ஆண்டு பதிவுக்கூடத்தில் இருவர் சந்தித்தனர். ஒருவர் சபையின் குரலைத் தெருவுக்குக் கொண்டுசென்றவர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டவர். மற்றவர் தெருவின் இசையைக் கச்சேரி மண்டபத்துக்கு உயர்த்திய குழுவில் இருந்துகொண்டே, தாம் வந்த இடத்தை மறவாதவர்.

உடன் வாசித்தோரையும் குறிப்பிட வேண்டும். டெனர் சாக்ஸஃபோனில் பில்லி மிட்செல். கிட்டாரில் ஸ்கீட்டர் பெஸ்ட். பாஸ் வாத்தியத்தில் ஆஸ்கர் பெட்டிஃபோர்ட். டிரம்மில் கோனி கே. இவர்களுள் கோனி கேயின் நிலை தனித்து நோக்கத்தக்கது. ஜாக்சனின் நால்வர் குழுவில் மென்மையே உருவாக டிரம் வாசித்தவர் அவர். அவரே 1954இல் பிக் ஜோ டர்னரின் 'ஷேக், ராட்டில் அண்ட் ரோல்' என்னும் ஆரவாரமான பாடலுக்கும் டிரம் வாசித்திருந்தார். இரு உலகங்களுக்கும் இடையே பாலம் தேவைப்பட்டபோது, அப்பாலம் ஏற்கெனவே அங்கே அமர்ந்திருந்தது.

இசையினுள் நிகழ்வது

தட்டின் சாரத்தை 'ஹவ் லாங் ப்ளூஸ்' என்னும் உருப்படியில் காணலாம். இது லெராய் கார் என்னும் கலைஞர் 1928ஆம் ஆண்டில் பாடிப் புகழ்பெறச் செய்த பழம்பாடல். 'எவ்வளவு காலம்' என்பது அதன் வினா. பிரிந்து சென்றோரை எண்ணி எழுப்பப்படுவது. வழக்கமான ப்ளூஸ் 12 தாளக்கட்டுகளால் ஆனது. இப்பாடலோ 8 கட்டுகளிலேயே முடிந்து மீண்டும் தொடங்குகின்றது. எனவே, வினா விரைவாகத் திரும்பத் திரும்ப எழுகின்றது. சொற்கள் நீக்கப்பட்ட இவ்வாசிப்பில் எவரும் எதையும் கேட்டதாகத் தெரியாது; ஆயினும் கேட்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றது. வேகம் மிகக் குறைவு. அவ்வளவு மெதுவான நடையில் தாளம் தளராமல் காப்பது விரைவான நடையைவிடக் கடினம். பெட்டிஃபோர்டின் பாஸ் அந்தப் பொறுப்பை ஏற்றிருப்பதைக் கூர்ந்து கேட்பவர் உணர்வர்.

ரே சார்ல்ஸின் பியானோ வாசிப்பில் பகட்டு இல்லை. விரல்வேகத்தைக் காட்டி வியக்கவைக்கும் முயற்சியும் இல்லை. தேவாலயத்தில் போதகர் ஒரு வாக்கியம் சொல்ல, சபையினர் மறுமொழி தருவது வழக்கம். அந்த அழைப்பும் மறுமொழியும் கொண்ட அமைப்பே அவருடைய பியானோவின் இலக்கணமாகின்றது. ஜாக்சன் ஒரு சொற்றொடரை முடிக்கும் தறுவாயில், பியானோ ஆமோதித்துத் தலையசைக்கின்றது. அடுத்த தொடருக்கு இடம்விட்டு ஒதுங்குகின்றது. முன்னணிப் பாடகராகப் பழகிய ஒருவர் இவ்வாறு பின்னணியில் அமர்ந்து, பிறர் பேச்சுக்குச் செவிகொடுத்து, வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு சொல் உரைப்பது எளிய செயலன்று.

இருவரும் இருக்கையை மாற்றிக்கொள்வதும் உண்டு. சார்ல்ஸ் ஆல்ட்டோ சாக்ஸஃபோனை எடுக்கும்பொழுது ஜாக்சன் பியானோவில் அமர்கின்றார். 'பேக்ஸ் கிட்டார் ப்ளூஸ்' என்னும் உருப்படியில் ஜாக்சன் தம் சிறுவயது வாத்தியமான கிட்டாரை எடுக்கின்றார். 'பேக்ஸ்' என்பது அவருடைய செல்லப்பெயர். இம்மாற்றங்களை விளையாட்டெனக் கருதுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. தாம் தலைசிறந்து விளங்கும் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு, தாம் அத்துணைத் தேர்ச்சி பெறாத ஒன்றை நண்பர் முன் எடுப்பதற்கு அச்சமின்மை வேண்டும். நம்பிக்கை நிலவும் இடத்தில்தான் அது கைகூடும்.

சார்ல்ஸின் சாக்ஸஃபோன் குறித்து ஒன்று சொல்ல வேண்டும். அதன் தொனி தேர்ந்த ஜாஸ் கலைஞர்களின் தொனியோடு ஒப்பிடத்தக்கதன்று, சற்றுக் கரடுமுரடானது, சில இடங்களில் தடுமாறுவது. ஆனால், ஸ்வரத்தை நேராகத் தொடாமல் கீழிருந்து வளைத்து ஏற்றும் முறை, முடிவில் சற்றே நடுங்கவிட்டு நிறுத்தும் முறை ஆகியன அவர் பாடும் முறையேயாகும். குரல் மௌனித்துவிட்டது என்றோம். அது வேறு உடலில் புகுந்துகொண்டது என்பதே சரி.

சொல் நீங்கிய துதி

1958ஆம் ஆண்டு ஏப்ரலில் இருவரும் மீண்டும் கூடினர். இம்முறை கிட்டாரில் கென்னி பரெல், பாஸில் பெர்சி ஹீத், டிரம்மில் ஆர்ட் டெய்லர். அப்பதிவுகள் 1961இல் 'சோல் மீட்டிங்' என வெளிவந்தன. பிற்காலத்தில் இரு தட்டுகளும் ஒருங்கே மறுபதிப்பாயின. இவ்விரண்டையும் ஒரே உரையாடலின் இரு பகுதிகளாகக் கொள்வதே முறை.

இரண்டாம் அமர்வில் 'ஹல்லேலூயா ஐ லவ் ஹெர் சோ' இடம்பெற்றிருப்பதை நாம் தற்செயல் என விட்டுவிடுவதற்கில்லை. கண்டனத்துக்கு உள்ளான அதே பாடல். ஆனால் சொற்கள் இல்லை. இப்பொழுது துதிச்சொல்லும் இல்லை. அது திரிந்து சென்றடைந்த காதலியும் இல்லை. குற்றஞ்சாட்டியோர் எதனைச் சுட்டிக்காட்டுவர்? எஞ்சியிருப்பது ஒரு மகிழ்ச்சியின் நடை மட்டுமே. அது சபையிலிருந்து வந்த நடை என்பதை மறைக்க இயலாது. அது எவரை நோக்கிச் செல்கின்றது என்பதையோ கேட்பவரின் உள்ளமே தீர்மானிக்கின்றது.

இவ்விடத்தில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் கருத்து நினைவுக்கு வருவது இயல்பு. 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலில், செவிமடுத்தலின் ஒழுக்கங்களுக்கென அவர்கள் ஒரு பகுதியையே ஒதுக்கியுள்ளார்கள். இன்னிசை உள்ளத்தில் இல்லாத ஒன்றைப் புதிதாக இடுவதில்லை. ஏற்கெனவே உள்ளத்தில் உறைந்திருப்பதையே கிளர்ந்தெழச் செய்கின்றது என்பது அவர்கள் ஆய்ந்து கண்ட முடிவு. வாத்தியங்களுள் பலவற்றை அவர்கள் விலக்கியிருக்கிறார்கள் என்பதையும் நாம் அறிவோம். ஆகவே, இத்தட்டுக்கு அவர்களிடமிருந்து சான்றிதழ் பெற்றுத்தருவது நம் நோக்கமன்று. இசையின் ஆகுமை, ஆகாமை குறித்த தீர்ப்பை உரியோரிடமே விடுகின்றோம். ஆனால், இசை கேட்பவரின் உள்ளத்தை அவருக்கே காட்டும் ஒன்று என்னும் நுட்பமான உளவியல், இச்சொல்லற்ற 'ஹல்லேலூயா'வை விளங்கிக்கொள்ள நமக்குத் துணைசெய்கின்றது.

அதே பகுதியில் ஜுனைதுல் பக்தாதி (ரஹ்) அவர்கள் வகுத்த மூன்று நிபந்தனைகளும் எடுத்துரைக்கப்படுகின்றன: உரிய காலம், உரிய இடம், உரிய சகோதரர்கள். இம்மூன்றாம் நிபந்தனை நம் சிந்தனைக்குரியது. செவிமடுத்தல் தனியொருவரின் திறமை மட்டுமன்று, உடனிருப்போரைச் சார்ந்தது. உடன் அமர்ந்தவர் இடம்கொடுத்தால்தான் உள்ளம் திறக்கும். அதபு என்று நாம் வழங்கும் பண்பின் சாரம் இதுவேயன்றோ? 'சோல் பிரதர்ஸ்' என்னும் தலைப்பில் 'சோல்' என்னும் சொல்லையே எல்லாரும் பற்றிக்கொண்டனர். 1960களில் அச்சொல் ஓர் இசைவகையின் பெயராகவே நிலைபெற்றது. நம் கருத்தில், தலைப்பின் பொருள் இரண்டாம் சொல்லில் உள்ளது. சகோதரத்துவம் நிலவியதனால்தான் அங்கே ஆன்மா வெளிப்பட்டது.

முன்வாசல்

காலத்தையும் சகோதரரையும் கண்டோம், எஞ்சியது இடம். அந்த இடத்தை அமைத்துக் கொடுத்தவர் தயாரிப்பாளரான நெசூஹி எர்தெகுன். அவர் பெயரே அவர் பூர்விகத்தைச் சொல்லும். அட்லாண்டிக் நிறுவனத்தை 1947இல் ஹெர்ப் ஆப்ராம்சனுடன் இணைந்து தொடங்கியவர் நெசூஹியின் தம்பி அஹ்மத் எர்தெகுன். அண்ணன் 1955இல் வந்து சேர்ந்து ஜாஸ் பிரிவைப் பொறுப்பேற்றார். இருவரும் துருக்கியின் தூதர் முனீர் எர்தெகுனின் புதல்வர்கள்.

முனீர் எர்தெகுன் 1934 முதல் 1944இல் மறையும்வரை வாஷிங்டனில் தூதராக இருந்தார். அமெரிக்கத் தலைநகரிலேயே கறுப்பினத்தவர் பொது உணவகங்களில் வெள்ளையரோடு அமர இயலாத காலம் அது. தூதரின் புதல்வர்கள் கறுப்பினக் கலைஞர்களைத் தூதரக இல்லத்துக்கு விருந்துண்ண அழைத்தனர்; விருந்துக்குப் பின் இசை நிகழும். கறுப்பினத்தவர் முன்வாசல் வழியே நுழைவதைக் கண்டு தென்மாநிலத்துச் செனட்டர் ஒருவர் ஆட்சேபக் கடிதம் எழுதினார் என்றும், எம் இல்லத்தில் நண்பர்கள் முன்வாசல் வழியாகவே வருவர், தாங்கள் வந்தால் பின்வாசலுக்கு ஏற்பாடு செய்வோம் என்னும் பொருள்படத் தூதர் மறுமொழி விடுத்தார் என்றும் அஹ்மத் பிற்காலத்தில் சொல்லிவந்தார். 1940களின் தொடக்கத்தில், மேடையிலும் அரங்கிலும் இரு இனத்தவரும் கலந்திருக்கும் இசைநிகழ்ச்சிகளையும் சகோதரர்கள் வாஷிங்டனில் நடத்தினர். பிற மண்டபங்கள் தயங்கிய வேளையில், யூதச் சமூக மையம் ஒன்றே அவர்களுக்கு இடமளித்தது.

தூதரின் உடலை 1946ஆம் ஆண்டு 'மிசூரி' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் இஸ்தான்புல்லுக்குக் கொண்டுசென்றது. உஸ்குதார் பகுதியில் உள்ள உஸ்பெக்கியர் தைக்காவின் அடக்கவிடத்தில் அவர் நல்லடக்கம் செய்யப்பட்டார். 1989இல் மறைந்த நெசூஹியும், 2006இல் மறைந்த அஹ்மதும் அங்கேயே தந்தையின் அருகில் துயில்கின்றனர். துருக்கியர் 'தெக்கே' என்பதையே நம்மவர் 'தைக்கா' என்கின்றனர். இத்தைக்கா 18ஆம் நூற்றாண்டில், ஹஜ் பயணம் மேற்கொண்ட நடு ஆசிய யாத்திரிகர் வழியில் தங்கிச் செல்வதற்கென உருவானது. வேற்றுநாட்டவர்க்குக் கதவு திறப்பதே அதன் பணி.

இச்சகோதரர்களை மார்க்கப் பெரியோராகக் காட்டுவது நம் கருத்தன்று. அவர்கள் வணிகர்கள், உலகியல் வாழ்வில் திளைத்தவர்கள். ஆயினும், விருந்தினரை முன்வாசலில் எதிர்கொள்ளும் மரபு ஒன்று அவர்கள் வளர்ந்த வீட்டில் இருந்தது. வானொலிக்கும் விற்பனைக்கும் உகந்த மூன்று நிமிடப் பாடல்களைத் தந்து பொருளீட்டிய ஒரு பாடகரை, பாடாமலிருக்க அனுமதித்து, நீண்ட உருப்படிகளைத் தடையின்றி வாசிக்கவிட்டது அம்மரபின் தொடர்ச்சியே. நெசூஹியின் தயாரிப்பில் இதற்கு முன்பே வெளிவந்த 'தி கிரேட் ரே சார்ல்ஸ்' என்னும் தட்டிலும் சார்ல்ஸ் பாடவில்லை. அங்கே அவர் தம்மை ஜாஸ் கலைஞரென நிறுவ முற்பட்டார். இங்கே நிறுவ வேண்டியது ஏதுமில்லை; உரையாட ஒருவர் இருந்தார்.

கணக்கேடு

விருந்தோம்பலைப் புகழ்ந்த நாம் கணக்கேட்டைப் பாராமல் இருத்தல் நீதியன்று. அட்லாண்டிக் நிறுவனத்தின் தொடக்ககால வளர்ச்சிக்குத் தோள்கொடுத்த பாடகி ரூத் பிரவுன், பிற்காலத்தில் வறுமையுற்று வீட்டு வேலையும் செய்ய நேர்ந்தது. தமக்குரிய உரிமத்தொகை கோரி அவர் பல்லாண்டுகள் போராடினார். பதிவுச் செலவுகள் கலைஞர்களின் கணக்கிலேயே கடனாக எழுதப்பட்டு வந்ததே சிக்கலின் வேர். 1988இல்தான் நிறுவனம் அப்பழைய கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. மூத்த கலைஞர்களுக்கு உதவ ஓர் அறக்கட்டளையும் அவ்வாண்டு தொடங்கப்பட்டது. ரே சார்ல்ஸ் முன்னறிவு மிக்கவர். 1959ஆம் ஆண்டிலேயே வேறு நிறுவனத்துக்கு மாறினார். தம் பதிவுகளின் மூலநாடாக்கள் தமக்கே உரிமையாகும்படி ஒப்பந்தம் செய்துகொண்டார்.

முன்வாசலில் வரவேற்பது பாதி அறம். கணக்கைச் சரியாக முடிப்பது மறுபாதி. முதற்பாதி கைகூடிய ஒரு தருணத்தை இத்தட்டு பதிந்து வைத்துள்ளது. இரண்டாம் பாதிக்கு நீண்டகாலம் காத்திருக்க நேர்ந்தது. சபையினர் சந்தையைக் கண்டு அஞ்சியது வீணன்று என்பதற்கும் இதுவே சான்று. அவர்கள் இசையின் கலப்பைக் குறித்து அஞ்சினர். அஞ்சத்தக்கது விலையின் கணக்காகவே இருந்தது.

குறைகளும் நிறைவும்

தட்டின் குறைகளையும் ஒளிக்காமல் கூறுவோம். எல்லா உருப்படிகளும் ஒரே தரத்தன அல்ல. ப்ளூஸ் அமைப்பு அடுத்தடுத்து வருவதால், ஒரே அமர்வில் முழுவதையும் கேட்பவர்க்குச் சலிப்புத் தட்டுதல் கூடும். டெனர் சாக்ஸஃபோன் சில இடங்களில் உரையாடலில் பங்கேற்காமல், தன் முறை வந்ததும் பேசிவிட்டுப் போகின்றது. இரண்டாம் அமர்வு தொழில்நுட்பத்தில் செம்மையானது. ஆனால், முதற் சந்திப்பின் ஆர்வம் அதில் சற்றுத் தணிந்துள்ளது. ஜாஸ் இசையில் அந்நாள்களில் நிகழ்ந்துகொண்டிருந்த பெரும் புதுமைகளைத் தேடுவோர்க்கு இதில் ஏமாற்றமே மிஞ்சும்.

எனினும், புதுமை ஒன்றே கலையின் அளவுகோலாகாது. மில்ட் ஜாக்சன் 1974இல் தம் நால்வர் குழுவை விட்டு விலகினார். 1981இல் குழு மீண்டும் ஒன்றுகூடியது. 1999இல் அவர் மறைந்தார். ரே சார்ல்ஸ் 2004இல் மறைந்தார். 'ஹவ் லாங் ப்ளூஸ்' இன்றும் அதே மெதுவான நடையில் சென்றுகொண்டிருக்கின்றது. அதில் ஒருவர் பேசும்பொழுது மற்றவர் செவிமடுக்கின்றார். முடித்த பின்னரே தாம் தொடங்குகின்றார். தொடங்கும்பொழுதும் முன்னவர் விட்ட சொல்லிலிருந்தே தொடங்குகின்றார்.

ஒவ்வொருவரும் தம் குரலை உயர்த்திக்கொள்வதையே திறமை எனக் கருதும் காலத்தில் நாம் வாழ்கின்றோம். தம் காலத்தின் மிகச்சிறந்த குரல்களுள் ஒன்றைப் பெற்றிருந்த ஒருவர், நண்பர் முன் அதனை அடக்கிக்கொண்டு அமர்ந்திருந்ததை இத்தட்டு நமக்குக் கேட்கத் தருகின்றது. சொல்லை நீக்கிய பின் ஆன்மா எஞ்சுமா என்பதே நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினா. பிறருக்கு இடம்கொடுக்கும் உள்ளம் இருக்குமாயின் எஞ்சும் என்பதே இவ்விரு சகோதரர்களிடமிருந்து நாம் பெறும் விடை.